பைப்பு இறுகும் வரை

இன்று காலை உன் பிரியாணிக் குண்டானில் பிளாஸ்டிக் பைப்பு வேகவைத்தேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் அந்த வாசனை வந்துவிட்டது. புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அதேதான். மெராந்தி மரத்தூளின் வாசனையையும் மீறிப் பட்டறை முழுக்கப் பரவியது. பதினான்கு மாதமாக இங்கே அந்த வாசனை இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பைக் குறைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அப்போது என் கவலை. நீ குறைப்பாய் என்று ஞாபகம். எவ்வளவு நேரம் கழித்து என்பதுதான் ஞாபகம் இல்லை.

டெங்கிலில் ஒருவர் பட்டறையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் பேண்ட் சா ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். பலகையை வளைவாக அறுக்க அது இல்லாமல் முடியாது. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் மேலே வளைவு வைத்த சாமி மேடை நான்கு கேட்டிருக்கிறார். மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் அதிலிருந்து தூசி வெளியேறும் வாய் நம்முடைய பைப்போடு எந்த விதத்திலும் சேரவில்லை. பைப்புக்குள்ளும் போகவில்லை, பைப்பும் அதற்குள் போகவில்லை. நம் பட்டறையில் இருக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் இதே கதைதான். ஒன்று தைவான், ஒன்று இத்தாலி, ஒன்று எந்த ஊர் என்றே தெரியாது. எதன் வாயும் இன்னொன்றின் அளவில் இல்லை. அதனால்தான் மெஷினையும் பைப்பையும் இணைக்கும் ஒரு பிட்டிங்கையும் நாம் கடையில் வாங்கவில்லை. எல்லாம் நீ செய்தது.

கிள்ளானில் பைப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நீ பத்தொன்பது வருடம் வேலை செய்தாய். கடைசி எட்டு வருடம் க்யூசி. லைனில் வரும் பைப்பைக் கையில் எடுத்து, அளந்து, தட்டிப் பார்த்து, கறுப்பு மார்க்கரில் நம்பர் எழுதி, சரியாக இருந்தால் பக்கத்தில் ஒரு டிக் போடுவது உன் வேலை. தொழிற்சாலையை இடம் மாற்றியபோது நீ நின்றுவிட்டாய். வீட்டில் சும்மா இருக்க உன்னால் முடியவில்லை, என் பட்டறைக்கு வரத் தொடங்கினாய். நான் அதை விரும்பவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

நீ வந்த இரண்டாவது மாதமே அந்த கிளினிக் அட்டையைக் கண்டுபிடித்தாய். பசை டப்பாக்களுக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்திருந்தேன். டாக்டர் ஒரு சின்னப் பெண். என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அங்கிள், ஒன்னு தூசிய விடுங்க, இல்ல வேலைய விடுங்க. ரெண்டும் வச்சிக்க முடியாதுலா" என்றாள். நான் இரண்டையும் வைத்துக்கொண்டு, அட்டையை மட்டும் மறைத்திருந்தேன். எம்.டி.எஃப் பலகையை அறுத்தால் வரும் மாவு போன்ற தூசி எனக்கு இருபது வருடப் பழக்கம். இருமினால் பழைய சிகரெட்டின் வேலை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சிகரெட்டை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

நீ சத்தம் போடவில்லை. அட்டையைப் படித்துவிட்டு, "நீங்க வேலைய விடமாட்டீங்க. அப்ப தூசிதான் போகணும்" என்றாய். அடுத்த வாரம் ஒரு பழைய தூசி உறிஞ்சும் மெஷின் லோரியில் வந்து இறங்கியது. ஹார்ட்வேர் கடைச் சீன அங்கிள், நீ வாங்கிய பைப்புகளைப் பார்த்து, இது தண்ணீருக்குத்தானே, காற்றுக்கு எதற்கு என்று மலாயில் கேட்டார். நீ அவரிடம் ஒரு படம் வரைந்தே காட்டினாய். அவர் கடைசிவரை நம்பவில்லை.

நான் முதலில் பைப்பை நெருப்பில் காட்டித்தான் விரிக்கப் பார்த்தேன். கருகி, புகை கிளம்பி, கண் எரிந்தது. நீ என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, வீட்டுக்குப் போய் இந்தக் குண்டானோடு திரும்பி வந்தாய். தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு ஐம்பது பேருக்குச் சமைத்த குண்டான். "இனிமே இதுல பிரியாணி வைக்க முடியாதே" என்று கேட்டேன். "ஆளு இருந்தாதானே பிரியாணி" என்றாய். பைப்பின் நுனி கொதிநீரில் தளர்ந்ததும், நான் கடைந்து வைத்திருந்த மரக் கட்டையில் அதை மாட்டி அழுத்தி, ஈரத் துணியால் சுற்றிப் பிடிப்பாய். மெஷினின் வாய் அளவுக்குத்தான் அந்தக் கட்டையைக் கடைந்திருப்பேன். துணியை எடுத்தால் பைப்பின் நுனி அந்த அளவுக்கு விரிந்து இறுகியிருக்கும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் போகும் பைப்பில் ஒரு கதவும் செய்தாய். ஓடும் மெஷினுடைய கதவை மட்டும் திறந்து, மற்றதை மூடினால்தான் உறிஞ்சும் வேகம் சிதறாமல் இருக்கும். இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே மெல்லிய தகடு ஒன்று இழுப்பறை மாதிரி போய் வரும். எல்லாவற்றிலும் தகடு ஓடும் பள்ளத்தின் கடைசி முனை திறந்தே கிடந்தது. மூடினால் தகடு மறுபக்கம் ஓரங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்கச் சகிக்காது.

நான் சாமி மேடை செய்கிறவன். என் கையில் எந்த முனையும் திறந்து கிடந்ததில்லை. இழுப்பறையின் அடிப்பக்கத்துக்குக்கூட ஓரம் ஒட்டி, தேய்த்து, வார்னிஷ் அடிப்பேன். மேடை வாங்க வருகிறவர்கள் உன் கதவுகளைப் பார்க்கும்போது எனக்குக் கூசும். மகளின் பிரசவத்துக்கு நீ ஜொகூர் போன ஒன்றரை மாதத்தில், ஆறு கதவுகளின் முனையையும் நியாத்தோ மரத்தில் அழகான பட்டை இழைத்து வைத்து மூடி ஒட்டினேன். தகடு துருத்தாதபடி நுனியை வெட்டியும் விட்டேன். உனக்கு ஒரு நல்ல வேலை செய்து வைத்திருக்கிறோம் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

மூன்று வாரம் எல்லாம் சரியாக ஓடியது. பிறகு எந்தக் கதவும் முழுதாக மூடவில்லை. பள்ளத்தின் மூலையில் தூசி போய்ச் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. திறந்த முனை இருந்தபோது தகடு ஒவ்வொரு முறையும் அந்தத் தூசியை வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. உன் தொழிற்சாலையில் பைப்பு செய்யும் பிளாஸ்டிக் மாவு கொட்டும் கதவெல்லாம் அப்படித்தானாம், பின்னால் சொன்னாய். ஆறு கதவும் அரைகுறையாகத் திறந்து கிடக்க, உறிஞ்சும் காற்று எதற்கும் போதவில்லை. தூசி பழையபடி என் மூக்குக்கே வந்தது. கதவில்தான் கோளாறு என்று எனக்குத் தெரிந்திருந்தது. பட்டையைப் பிடுங்க மனம் வரவில்லை, அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தேன்.

நீ ஜொகூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தபோது, நான் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தேன். பேச முடியவில்லை. கிளினிக்கில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்கவைத்தார்கள். என் உதடு நீலமாக இருந்தது என்று நீ மகளிடம் போனில் சொன்னதைக் கேட்டேன்.  மறுநாள் காலை என் உளியையே எடுத்து, ஆறு பட்டைகளையும் பெயர்த்துத் தரையில் போட்டாய். தகடுகளை நீளமாகப் புதிதாக வெட்டினாய். கடைசிப் பட்டை விழுந்த பிறகுதான், "அழகு வேணும்னா சாமி மேடையில வைங்க. இது நீங்க மூச்சு விடுற இடம்" என்றாய். 

அதற்குப் பிறகு நீ பிட்டிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினாய். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, "இது லீக் ஆகுது, வேற செய்யணும்" என்பாய். நான் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். புகை எங்கும் உள்ளே இழுபடவில்லை, லீக் இல்லை. சொன்னால் நீ கேட்கவில்லை. வேலையையும் மாற்றினாய். முன்பெல்லாம் நீயே பிடித்துக்கொள்வாய். இப்போது சூடான பைப்பைக் கட்டையில் மாட்டி, நான்தான் ஈரத் துணியோடு பிடிக்க வேண்டும், இறுகும் வரை சத்தமாக எண்ணவும் வேண்டும் என்றாய்.

"ஒரே மூச்சுல எண்ணுங்க. நிறுத்தினா கை ஆடும், பைப்பு கோணிக்கும்."

"நிறுத்தாம எவ்வளவு நேரம் எண்றது?"

"முடியிற வரைக்கும்."

எண்ணி முடித்ததும் நீ பைப்பை வாங்கி அடிப்பக்கத்தில் மார்க்கரில் ஏதோ நம்பர் எழுதுவாய். அது அளவும் இல்லை, வரிசையும் இல்லை. "பேக்டரி புத்தி போகுதா பாரு, நம்பர் போடாம ஒரு சாமான் வைக்க முடியல" என்று கேலி செய்வேன். "க்யூசி பாக்கிறேன், பேசாம இருங்க" என்பாய். ஒன்றரை வருடத்தில் ஆறு பிட்டிங்கும் மாறிவிட்டன. அதன் பிறகு எதுவும் லீக் ஆகிறது என்று நீ சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது விழுந்தாய். மருத்துவமனையில் மூன்று நாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

பதினான்கு மாதமாக நான் எப்படி வேலை செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதி நாள் தூசி மெஷினைப் போடவே இல்லை. அந்தச் சத்தம் ஓடினால் நீ பின்னால் நிற்பது போல இருந்தது, திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அதைவிட இருமுவது சுலபமாக இருந்தது. மகள் வாராவாரம் போன் செய்கிறாள். "அப்பா, மூச்சு வாங்குது, கேக்குதுப்பா. மெஷின எல்லாம் வித்துட்டு இங்க வந்துருங்கலா. அங்க யாரு இருக்கா உங்களப் பாத்துக்க?" என்கிறாள். இந்த நான்கு மேடையை முடித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறேன். எனக்குப் போக விருப்பமில்லை. அவள் சொல்வது தவறென்றும் சொல்ல முடியவில்லை.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். கட்டையை வைஸின் பிடியில் இறுக்கி, பைப்பின் நுனியைக் கொதிநீரிலிருந்து எடுத்து, தனியாகவே மாட்டினேன். முதல் பைப்பு கோணிவிட்டது. இரண்டாவது நேராகப் போனது. ஈரத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். பத்து எண்ணும்போது துணி வழுக்கி விழுந்தது. பதறிப்போய்க் கையால் பிடித்தேன். பைப்பு இறுகியிருந்தது. கட்டையிலிருந்து எளிதாகக் கழன்று வந்தது. அளந்து பார்த்தேன், மெஷின் வாய்க்குச் சரியாகப் போனது.

பத்துதான் எண்ணியிருந்தேன்; நீ அடியில் எழுதிய நம்பர்கள் ஞாபகம் வந்தன. பிறகு தரையில் படுத்து, டார்ச்சைப் பிடித்து, ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில் போய்ப் பார்த்தேன். நீ முதலில் மாற்றியது டேபிள் சா, அதில் 9. அடுத்தது பிளானர், 13. ரவுட்டரில் 16. டிரில்லில் 20. சாண்டரில் 26. கடைசியாகச் செய்த, தரைத் தூசியைக் கூட்டித் தள்ளும் வாயில் 31. அதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு டிக்.

பைப்பு இறுக பத்து போதும். பத்தொன்பது வருடம் பைப்போடு வேலை பார்த்த உனக்கு அது தெரியாமலா இருக்கும்? என் மூச்சு எந்த எண்ணில் உடைகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நேரே ஊதிக் காட்டச் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அடுத்த அட்டையையும் ஒளித்திருப்பேன். அதனால் லீக் ஆகாத ஆறு பிட்டிங்கை லீக் ஆகிறது என்று சொல்லி மாற்றியிருக்கிறாய். உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. இந்த வீட்டில் நோயாளி நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு, புதுப் பைப்பைத் திரும்பக் கட்டையில் மாட்டி, துணியைச் சுற்றினேன். தேவையே இல்லை. இருந்தாலும் முழு மூச்சு இழுத்து, நீ எதிரே நின்று கேட்பதுபோலச் சத்தமாக எண்ணினேன். பதினைந்தில் இரைப்பு கேட்டது. பதினேழில் நின்றுவிட்டது. இன்னொரு முறை எண்ணலாமா என்று தோன்றியது, எண்ணவில்லை. உன்னிடம் இரண்டாவது வாய்ப்புக் கிடைத்ததில்லை.

பேண்ட் சாவுக்கான கதவை மத்தியானம் முடித்தேன். பள்ளத்தின் முனையைத் திறந்தே விட்டிருக்கிறேன், தகடு ஓரங்குலம் துருத்திக்கொண்டு நிற்கிறது. எல்லாவற்றையும் மாட்டி, மற்ற ஆறு கதவுகளையும் மூடி, தூசி மெஷினைப் போட்டேன். சத்தம் ஓடியது. திரும்பிப் பார்க்கவும் செய்தேன். முதல் வளைவை அறுத்து முடித்தபோது மேசையில் தூசி இல்லை. மகளுக்குப் போன் போட்டு, நம்பரை மறைக்காமல் சொன்னேன். மூன்று மாதம் கழித்து இன்னொரு பைப்பு செய்வேன், அதில் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் மெஷின்களை விற்றுவிட்டு வருகிறேன் என்றேன். "என்ன பைப்புப்பா?" என்று கேட்டாள். அதை நேரில் சொல்கிறேன் என்றேன்.

பைப்பை மெஷினில் மாட்டுவதற்கு முன்பே உன் மார்க்கரைத் தேடி எடுத்தேன், காயவில்லை. பைப்பின் அடியில் 17 என்று எழுதினேன். பக்கத்தில் டிக் போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.