கபன் துணி வேண்டாம்

ஜிர்ஜா,
பேரீச்சை அறுவடைக் காலம்.

அன்புள்ள தம்பி கலஃபுக்கு,

இறைவனின் சாந்தி உன்மேல் நிலவட்டும். நான் நலம். சூயஸில் நீ நலமாக இல்லை என்று கேள்விப்பட்டே எழுதுகிறேன்.

சென்ற வெள்ளியன்று உன் மனைவி சனிய்யா வந்தாள். நீ கட்டிலில் படுப்பதில்லையாம், இறைச்சியைத் தொடுவதில்லையாம். உன் மகள் கல்யாணத்தில் குஷியில் துப்பாக்கி வெடித்து என் மகன் ஷாத்லியைச் சாய்த்ததே, அந்தக் கையைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாயாம். மருந்து போட்டுக்கொள்.

ஊரார் பார்க்க, வெறுங்காலோடு, உன் பிணத்துக்குச் சுற்ற வேண்டிய கபன் துணியை நீயே ஏந்தி, உயிரை என்னிடம் ஒப்படைத்து மன்னிப்புக் கேட்க என் வாசலுக்கு நீ வர அனுமதி கேட்டாள். "ஷாத்லி அப்பா, நாலு அறையாவது அறைஞ்சு விடுங்க. அடி வாங்காமலே அந்த மனுசன் செத்துக்கிட்டிருக்காரு" என்று அழுதாள். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

பள்ளியில் நீ மாதுளை திருடிப் பிரம்படி வாங்குவாய். அடுத்த நிமிடமே கையை ஊதிக்கொண்டு பந்தாட ஓடுவாய். அடி விழுந்ததும் உனக்குக் குற்றம் தீர்ந்துவிடும். மாலையில் மறுபடி அதே தோட்டம். பின்னாளில் நான் உளவியல் படித்து, அதையே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போதுதான் உன்னைப் புரிந்துகொண்டேன்.

அதனால்தான் நீதிமன்றத்தில் நானே சமரசம் எழுதிக் கொடுத்து, உன்னைச் சிறைக்குப் போகாமல் தடுத்தேன். ஊர் என்னைப் பெரிய மனிதன் என்றது. நீயும் அழுதபடி என் கையை முத்தமிட்டாய். சிறையில் உனக்கு ஒரு விடுதலை நாள் இருந்திருக்கும், கலஃப்.

பகை தீராத சாவுக்கு நம் ஊரில் யாரும் துக்கம் கேட்க வருவதில்லை. நீதிமன்றச் சமரசம் அதற்குப் போதாது; உன் கபனை நான் வாங்கினால்தான் பகை தீர்ந்து என் மனைவி நஜாத் துக்கப் பாய் விரிக்க முடியும். "தண்டனைய அவனுக்குக் குடுக்கிறதா நெனச்சு எனக்கில்ல குடுத்துக்கிட்டிருக்கீங்க. எம் புள்ளைக்கு நான் வாய்விட்டு அழணும்" என்று அவளே என்னை எதிர்த்துப் பேசினாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கறுப்பு உடுத்திய பெண்கள் தினமும் கூடுகிறார்களாம். வழக்கத்தையே மீறிவிட்டாள். பொறுமை இல்லாதவள். நான் கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறேன்.

ஆகவே நீ வராதே. கதவு திறக்காது. சமரசப் பெரியவர்களை அனுப்பினாலும் உபசரித்து, கலஃப் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றே சொல்லி அனுப்புவேன்.

மருத்துவரிடம் போ. வேளைக்குச் சாப்பிடு. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும் மங்காத ஞாபகத்தையும் தரட்டும். எனக்கு முன்னால் மட்டும் போய்விடாதே, தம்பி. அப்புறம் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

உன் பெரியப்பா மகன்,
ரிஃபாயி