புள்ளியோடு எழுதுங்கள்

புத்தூர்,
மே 19, ஞாயிறு.

அன்புள்ள பவ்யா அப்பாவுக்கு,

கன்னிகா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பவ்யாவும் நலம். அங்கே நீங்களும் நலம் என்று தினமும் போனில் சொல்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் நான் ஒரு கேள்வி கேட்டால் உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நகரி சின்னப்பன் அண்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். அவரிடம் ஆவக்காய் ஒரு பாட்டிலும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன். கூடவே துணியில் சுற்றி ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைப் பிரியுங்கள்.

முதலில் உங்களுக்குப் பிடித்த சேதி. இந்த வருஷம் வெயில் ஆளைக் கொல்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து நாற்பதுக்குக் கீழே இறங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் வெயில் பெட்டியில் இதுவரை வந்ததிலேயே அதிகம் இந்த மாதம் மூன்றாம் தேதி, 44.3. பகலைவிட ராத்திரிதான் கொடுமை. விடியற்காலையில்கூட முப்பதுக்குக் கீழே வருவதில்லை. மாடித் தொட்டித் தண்ணீரில் காலை ஒன்பது மணிக்கு மேல் கை வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அக்கா அதிலேயே சோறு வடித்துவிடலாம் என்கிறாள்.

பெட்டியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். போன வாரம் கங்கம்மா ஜாத்திரைக்குப் போகிற வழியில் கோவிந்தம்மாள் அக்காவின் தங்கை இங்கே வந்திருந்தாள். பின்பக்கம் நாலு கால் வைத்து வெள்ளையடித்து நிற்கிற நம் மரப்பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமிம்மா உள்ள கீது? கதவுல இத்தனை சந்து வுட்டுக்கினு இருக்கீங்க" என்று கேட்டாள். வெயில் அளக்கிற கருவி, காற்று உள்ளே போக வேண்டும், வெயில் நேராகப் படக்கூடாது, அதற்குத்தான் சந்து என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் பார்த்தால் பெட்டி மேல் குங்குமம் இருந்தது. நான் துடைக்கவில்லை. உங்கள் பெட்டிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆலங்கட்டி மழை பெய்தது. மூன்றரை மணிக்கு 43.1. மலைப்பக்கம் ஒரே கறுப்பு. நாலு மணிக்குக் காற்று அடித்தது பாருங்கள், எதிர்வீட்டுத் தகரம் தெருவில் உருண்டது. பெட்டி விழுந்துவிடுமோ என்று நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். முதுகிலும் தலையிலும் கல் கல்லாய் விழுந்தது. பவ்யா வாசலில் நின்று, உள்ளே வா என்று கத்துகிறாள். "நைனாவோட பொட்டிக்கு இன்னாவும் ஆவாதும்மா, கம்பி வச்சு இறுக்கிக்கீறாரு" என்றாள். அவள் சொன்னது சரிதான், பெட்டி அசையவில்லை. அரை மணி நேரத்தில் 24.6. பதினெட்டரை டிகிரி ஒரே மூச்சில் இறங்கியது.

அந்த ஆலங்கட்டியை ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். கல்யாண நாளை மறந்தாலும் ஆலங்கட்டி விழுந்த நாளை மறக்காத மனுஷர் நீங்கள். உடனே போன் வரும், காற்று எந்தப் பக்கமிருந்து, எத்தனை நிமிடம், முதலில் மழையா கல்லா என்று ஆயிரம் கேட்பீர்கள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பதில் வந்தது. "சரி" என்று ஒரே சொல்.

அன்றைக்குத்தான் உங்கள் எண்களை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன்.

நீங்கள் போகும்போது ஒரே மாதிரிக் கருவி இரண்டு வாங்கினீர்கள். ஒன்று இங்கே பெட்டியில், ஒன்று அங்கே உங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே, பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி நீங்களே செய்த கூட்டுக்குள். நான் புத்தூர் எண்ணை அனுப்ப வேண்டும், நீங்கள் குவைத் எண்ணை அனுப்ப வேண்டும், இரண்டையும் நான் சுவர்க் காலண்டரில் அந்தந்த நாளின் கட்டத்தில் எழுத வேண்டும். நாம் வைத்துக்கொண்ட விளையாட்டு இது. ஆரம்பத்தில் நான் ஒருநாள் 41 என்று மட்டும் அனுப்பிவிட்டேன். அதற்கு நீங்கள், "புள்ளிக்கு அப்பால இருந்தத யாரு துன்னாங்க?" என்று கேட்டீர்கள், பவ்யா என்னை ஒரு வாரம் கேலி செய்தாள். அதற்குப் பிறகு நான் புள்ளி இல்லாமல் அனுப்பியதே இல்லை.

இப்போது நீங்கள் அனுப்புகிறீர்கள். ஒன்பதாம் தேதி வியாழக்கிழமையிலிருந்து 42, 43, 40, 43, 44. இந்தக் கருவி புள்ளி இல்லாமல் காட்டாதே. சரியாக நாற்பத்து நாலு என்றாலும் 44.0 என்றுதானே காட்டும். வேலைக் களைப்பு, அவசரத்தில் விட்டுவிட்டார் என்று முதலில் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பிறகு பவ்யாவை விட்டு இணையத்தில் தேடச் சொன்னேன். குவைத் விமான நிலையத்தில் அளந்த எண்கள் தினமும் வருகின்றன. அதில் புள்ளி கிடையாது. 42, 43, 40, 43, 44. அப்படியே இருக்கிறது. உங்கள் ஜன்னல் எண் விமான நிலையத்தைவிட எப்போதும் ஒரு டிகிரி கூடவே வரும், பக்கத்துச் சுவர் சூடு என்று நீங்களே குறைப்பட்டுக்கொள்வீர்கள்.

நடுவில் அந்த 40 சனிக்கிழமை. அன்றைக்கு அங்கே புழுதிப்புயல் அடித்து, பகலிலேயே வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போனதாகச் செய்தியில் படித்தேன். போன வருஷப் புழுதிப்புயலுக்கு நீங்கள் பதினைந்து குரல் செய்தி அனுப்பினீர்கள். இந்த முறை ஒரு 40. காளஹஸ்தியிலிருந்து உங்கள் வெயில் அளக்கிற வாட்ஸ்அப் குழு நண்பர் 45.6 என்று போட்டதற்கும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வேறு நாளாக இருந்தால் பெட்டியை எங்கே வைத்தீர், பக்கத்தில் தகரக் கூரை இருக்கிறதா என்று அவரை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள். கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஆக, ஒன்பதாம் தேதியிலிருந்து நீங்கள் உங்கள் அறையில் இல்லை. ஜன்னலுக்கு எழுந்துபோய்ப் பார்க்க முடியாத இடத்தில் படுத்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய குரல் செய்தியில், பின்னால் ஒரு பெண் மலையாளத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எட்டு ஆண்கள் தங்குகிற அறையில் பெண் குரல் எப்படி வரும்? நானும் சந்தேகப்படுகிற பெண்டாட்டிதான். ஆனால் எனக்கு வந்த சந்தேகம் வேறு. அந்தக் குரல் நர்ஸ் குரல். நம் பவ்யா பிறந்தபோது என்னைக் கூப்பிட்ட அதே தோரணை.

ஊருக்கெல்லாம் குளிர்ச்சி உண்டாக்கப் போனவர் நீங்கள். ஏசி மெக்கானிக் என்றதும் இங்கே எல்லோரும், "அவருக்கின்னா, ஜில்லுனு இருப்பாரு" என்கிறார்கள். அந்த எந்திரங்கள் எல்லாம் மொட்டை மாடியில் இருக்கின்றன, நீங்கள் அதன் வெக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்? நண்பகலில் வெளிவேலை கூடாது என்ற சட்டம் ஜூன் பிறந்தால்தான் வரும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மே மாதத்துச் சூரியனுக்கு அந்தச் சட்டம் தெரியுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் வெங்கட்டை நினைத்துப் பயமாக இருக்கிறது.

நீங்கள் கூடவே இருந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நகரியில் அண்ணன் வேலை பார்த்த அந்த விசைத்தறிக் கொட்டகை, மேலே தகரம், நூல் பறக்கும் என்று ஃபேன் போடமாட்டார்கள். முதல் நாள் தலை சுற்றியபோது அண்ணன் என்னிடம் போனில், "ஒண்ணும் இல்லம்மா, லேசா மயக்கம் மாதிரி கீது, மோர் குடிச்சா சரியாப்பூடும்" என்றான். இரண்டாம் நாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாள் அவனுக்கு வேர்வை நின்றுவிட்டது. திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது நீங்கள் ஈரத்துண்டை மாற்றி மாற்றிப் போட்டீர்கள். துண்டு காய்ந்துகொண்டே வந்தது. வடமாலபேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கை கால் முறிந்தால் நம் ஊரிலேயே கட்டுப் போட்டுச் சரிசெய்துவிடுவார்கள், உலகமே புத்தூருக்கு வருகிறது. வெயில் குடித்த உடம்புக்கு எந்தக் கட்டும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீங்கள் நேராகப் பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தீர்கள். அன்றைக்குச் சாவு வீட்டில்கூட இவருக்கு எண் வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன் விழுந்த நாளின் எண் அதில் இருந்தது, 43.8. நீங்கள் அங்கேயே நின்றுகொண்டு சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இது நெழலோட சூடு கன்னிகா. தகரத்துக்கு அடியில நின்னவன் பட்ட சூடு இதுல வராது." அப்படிச் சொன்னவர் இப்போது எனக்கு விமான நிலையத்து நிழலின் சூட்டை அனுப்புகிறார்.

நாங்கள் பயப்படக்கூடாது என்று மறைக்கிறீர்கள். தெரிகிறது. டிசம்பர் வரை ஒப்பந்தம் இருக்கிறது, பவ்யாவைத் திருப்பதியில் காலேஜில் சேர்க்க வேண்டும் என்று அங்கே படுத்துக்கொண்டு யோசிப்பீர்கள், அதுவும் தெரிகிறது. அவள் புத்தூரிலேயே படிக்கிறேன் என்கிறாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லவில்லை, நன்றாகவே சொல்கிறாள். உங்களுக்குத் தெரியாமல் விண்ணப்பமும் போட்டுவிட்டாள். நீங்கள் மறைக்கத் தெரியாதவர், அவள் நன்றாக மறைக்கிறாள்.

ஒன்று நினைவிருக்கிறதா? காளஹஸ்தியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பார்க்காமல் விட்ட நாளுக்கு நான் குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதிவைத்தேன். நீங்கள் வந்து அதை அடித்துவிட்டீர்கள். "காலியா உட்டா ஒண்ணும் கொறஞ்சிடாது. பாக்காதத எழுதினா, பாத்து எழுதினதும் பொய்யாப்பூடும்" என்றீர்கள். அதனால், ஒன்பதாம் தேதியிலிருந்து நீங்கள் அனுப்பிய எதையும் நான் காலண்டரில் ஏற்றவில்லை. புத்தூர் எண் மட்டும் மேலே இருக்கிறது. கீழே உங்கள் இடம் காலியாக இருக்கிறது. பவ்யா தினமும் அந்தப் பக்கமாகப் போகும்போது அதைப் பார்க்கிறாள்.

இப்போது பொட்டலத்தைப் பிரியுங்கள். அது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். ஆஸ்பத்திரியில் ஆயிரம் இருக்கும், ஆனால் அவர்கள் பார்த்துவிட்டு அவர்கள் தாளில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இது நம்முடையது. சின்னப்பன் அண்ணனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அறையில் இல்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துக்கொண்டு வந்து, அவரே பக்கத்தில் நிற்பார். அக்குளில் வைத்து, சத்தம் வரும்வரை எடுக்காதீர்கள். அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான்தான் அவரை அந்தப் பாடு படுத்தினேன்.

டாக்டர் ஊருக்குப் போ என்றால் வந்துவிடுங்கள். டாக்டர் சொல்லாவிட்டாலும், மாடி வெயிலில் இனி நிற்க முடியாது என்று உங்கள் உடம்பு சொன்னால், அதைக் கேட்டு வந்துவிடுங்கள். நீங்கள் முன்பு வேலை பார்த்த திருப்பதி ஏசி கடையில் கேட்டுவிட்டேன், ஆள் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். மறுபடி காலை ரயிலில் திருப்பதிக்குப் போய் வாருங்கள். சாயங்காலம் வந்து, நான் இன்றைக்குச் சரியாகப் பார்த்தேனா என்று பெட்டியைத் திறந்து என்னோடு சண்டை போடுங்கள்.

ஜாத்திரையில் கங்கம்மாவுக்கு அம்பலிக் கூழ் ஊற்றி வேண்டிக்கொண்டேன். உங்களுக்கென்று மடித்து வைத்த குங்குமம் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. அந்தத் தாய் உங்கள் நெற்றியில் கை வைத்துக் குளிரவைப்பாள்.

குவைத்தின் வெயில் எவ்வளவு என்று எனக்கு இனிமேல் வேண்டாம். உங்கள் உடம்பின் சூடு எவ்வளவு என்று அனுப்புங்கள். எவ்வளவு இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். காலண்டருக்குப் பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு, புள்ளியோடு எழுதுங்கள்.

உங்கள்
கன்னிகா