ஆயில்யம் என்று சொன்ன இரண்டு கம்ப்யூட்டர்கள்

என் கேள்விக்காரச் செல்லம் ஜெய்னம்புக்கு,

எப்படி இருக்கே என்று கேட்டுத்தான் உனக்கு எதையும் ஆரம்பிப்பேன். இப்போது அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. மஞ்சள் காமாலை என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் பேசச் சௌகரியமாக இருக்கும்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். மேலப்பாளையத்தில் இப்படி ஒரு பெண் இருந்தாள், அவள் இன்ன காரியம் செய்தாள் என்று நாலு பேர் படிக்கட்டும். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பாளையங்கோட்டையில் நாம் கம்ப்யூட்டர் படிக்கப் போன புதிதில், நீ வாயைத் திறந்தாலே சார் கடிகாரத்தைப் பார்ப்பார். “சார், இந்த ஜன்னலை மூடினா உள்ள இருந்ததெல்லாம் எங்க சார் போகுது?” என்பாய். “பட்டனை நான்தான் அமுக்கினேன்னு ப்ரோகிராமுக்கு யாரு சார் போய்ச் சொல்லுதா?” என்பாய். வகுப்பே சிரிக்கும். நீயும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பதில் வரும் வரைக்கும் உட்காராமல் நிற்பாய்.

“அதெல்லாம் பாடத்துல கிடையாதும்மா” என்று சார் நழுவினால், “பாடத்துல இல்லாட்டிப் பரவால்ல சார், மெஷின்ல இருக்குல்லா” என்பாய். பாதிக் கேள்விக்கு அவருக்கே பதில் தெரியாது. அது எங்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

படிப்பு முடிந்ததும் நமக்கு வாய்த்த வேலையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. டவுனில் ஒன்றும் பாளையங்கோட்டையில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் திருமணத் தகவல் மையம் வைத்திருந்த அண்ணாச்சி, ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு ப்ரோகிராம் வேண்டும் என்றார். பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் நட்சத்திரம் சொல்ல வேண்டும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் சொல்ல வேண்டும். உனக்கு ஜாதகம் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். சரி என்று ஒப்புக்கொண்டோம்.

டவுன் ஆபீஸில் விண்டோஸ் போட்ட புது மெஷின். பாளையங்கோட்டை ஆபீஸில் இருந்தது, அண்ணாச்சியின் மருமகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய மெஷின். அதில் ஓடியது லினக்ஸ். டவுனில் ஜோராக ஓடிய நம் ப்ரோகிராமை ஃப்ளாப்பியில் போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனால், அந்த மெஷின் அதைச் சட்டையே பண்ணவில்லை.

“ஏளா கோமதி, இங்கன ஓடுறது அங்கன ஏன் ஓட மாட்டேங்கு?” என்று பஸ்ஸில் கேட்டாய். “ரெண்டும் கம்ப்யூட்டர்தான?” என்றாய். இது வேற சிஸ்டம், அது வேற சிஸ்டம் என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். “அப்ப நடுவுல ஒரு ஆளை உக்கார வச்சா என்ன? நாம அந்த ஆளுகிட்டச் சொல்லுவோம், அந்த ஆளு ரெண்டு மெஷினுக்கும் அது அது பாஷையில சொல்லட்டும்” என்றாய். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அப்படி ஒரு ஆள் நிஜமாகவே இருக்கிறது, பெயர் ஜாவா என்று ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து தெரிந்துகொண்டோம். எழுதியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினோம். சந்திரன் நகரும் கணக்கு உன்னுடையது. ஜன்னல், பட்டன் எல்லாம் என்னுடையது. பட்டனை அமுக்கிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாகத்தான் பதில் வரும். டவுனில் பட்டன் கொழுகொழுவென்று இருக்கும், பாளையங்கோட்டையில் சப்பையாக இருக்கும். ஆனால் இரண்டிலும் ஓடியது. அன்றைக்கு நீ அண்ணாச்சி காசில் எல்லாருக்கும் அல்வா வாங்கினாய்.

சோதித்துப் பார்க்காமலும் கொடுக்கவில்லை. உன் பிறந்த நேரம், என்னுடையது, அண்ணாச்சியுடையது, டீக்கடைக்காரருடையது என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். எல்லாருக்கும் நட்சத்திரம் பஞ்சாங்கத்தில் உள்ளபடி சரியாக வந்தது. அத்தனை பேரும் பகலில் பிறந்தவர்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் காந்திமதி அக்காவுக்கு வரன் அமைந்தது. அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அம்மா சுட்ட பஜ்ஜியை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். இந்த மாப்பிள்ளை வீட்டார் ஜோசியரிடம் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். அக்கா மக நட்சத்திரம், பொருத்தம் திருப்தி என்று பேச்சு முடிந்தது. அக்கா அன்றைக்கு முதல்முறையாகப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. கம்ப்யூட்டரிலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அண்ணாச்சியின் டவுன் ஆபீஸுக்குப் போனார். அப்பா கொடுத்திருந்த விவரத்தை அண்ணாச்சி தட்டினார். பிறந்த தேதி, செவ்வாய்க்கிழமை, ராத்திரி மூணு மணி. பிரிண்டர் இழுத்துக்கொண்டே வந்து ஆயில்யம் என்று அடித்தது. அந்த அம்மா நேரே பாளையங்கோட்டைக்குப் போய் அந்த மெஷினிலும் பார்த்தார். அதுவும் ஆயில்யம் என்றது.

ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பது ஊரில் எல்லாரும் சொல்வது. உனக்கு அதை நான்தான் பிறகு சொன்னேன். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் நட்சத்திரத்தை மாற்றிச் சொல்வதும் உண்டு. அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே பேசினார். “ஒரு மெஷின் சொன்னா தப்புன்னு சொல்லலாம். ரெண்டு மெஷினும் ஒண்ணு போலச் சொல்லுது. நீங்க மறைச்சிட்டிய.”

அப்பா வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொன்னார் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ப்ரோகிராமை எழுதியவள் அதே வீட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. டவுன் ஆபீஸில் உன் கணக்கை நீயும் என் ஜன்னலை நானும் வரி வரியாகப் பார்த்தோம். சந்திரன் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். நீ அழவில்லை, எரிச்சலாக இருந்தாய். சாயங்காலம் பாங்கு சத்தம் கேட்டதும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாய்.

“வெள்ளி இரவு ஆயிட்டுளா. வீட்ல யாசீன் ஓதணும், உம்மா தேடுவா” என்றாய்.

“இன்னைக்கு வியாழக்கிழமை” என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“ஒனக்கு வியாழன். எங்களுக்குப் பொழுது அடைஞ்சு மகரிபு ஆனதும் நாள் மாறிட்டு” என்றாய். கதவு வரை போனவள் அங்கேயே நின்றாய். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். “ஏளா, உங்களுக்கு எப்ப நாள் மாறும்?”

எங்களுக்குச் சூரியன் உதித்தால்தான் மறுநாள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம். செவ்வாய் ராத்திரி மூணு மணி என்று அப்பா எழுதினால், அது செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்து, புதன் விடிவதற்கு முன்னால். ஆனால் கம்ப்யூட்டருக்கு நடு ராத்திரி பன்னிரண்டு மணிக்கே நாள் மாறிவிடும். செவ்வாய் மூணு மணி என்றதும் அது திங்கள் ராத்திரிக்குப் போய் நின்றிருக்கிறது. ஒரு முழு நாள் முந்தி. மகத்துக்கு முந்தின நட்சத்திரம் ஆயில்யம்.

நீ யாசீன் ஓத ஓடினாய். மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு உன் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய். அப்பா, மாப்பிள்ளை வீட்டார், அண்ணாச்சி எல்லாரும் நான் சொல்லியனுப்பியதில் டவுன் ஆபீஸில் கூடியிருந்தார்கள். உன் வாப்பா உள்ளே வரக் கூச்சப்பட்டுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ரெண்டு மெஷின் சொல்லுதுன்னு சொன்னிய” என்று அந்த அம்மாவிடம் ஆரம்பித்தாய். “அது ரெண்டு சாட்சி இல்லம்மா. ஒரே ஆளு டவுன்லயும் நின்னு சொல்லுதான், பாளையங்கோட்டையிலயும் நின்னு சொல்லுதான். அவன் தப்பாச் சொன்னா ரெண்டு இடத்துலயும் தப்பாத்தான் சொல்லுவான்.”

“இது என்ன பிள்ள, நீ எழுதினதை நீயே தப்புங்கியே” என்றார் அவர்.

நீ நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாய். “உங்க வீட்ல ராத்திரியில பொறந்தவிய யாராச்சும் இருக்காவளா?” என்று கேட்டாய். மாப்பிள்ளையின் அப்பா கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி. தட்டினாய். எல்லாரும் காத்திருந்தோம், நம் ஜாவாதான் மெதுவாயிற்றே. கடைசியில் சித்திரை என்று வந்தது.

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. “என்ன வே இது? நான் சுவாதி. அறுபது வருசமா சுவாதிக்குத்தான் அர்ச்சனை பண்ணுதேன்” என்று அண்ணாச்சியிடம் பாய்ந்தார். அண்ணாச்சி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

நீ பைய விளக்கினாய். உங்களுக்கு விடிஞ்சா நாள், எங்களுக்கு அந்தியானா நாள், கம்ப்யூட்டருக்குப் பாதி ராத்திரியில நாள். நாங்க அதைக் கேக்காம எழுதிட்டோம் என்றாய். பிறகு எல்லார் கண் முன்னாலும் ஜன்னலில் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்தாய்: நாள் எப்போது மாறும்? கீழே இரண்டு பட்டன். ஒன்று உதயம், ஒன்று நடு ராத்திரி. உதயத்தை அமுக்கியதும் அவருக்குச் சுவாதி வந்தது. அக்காவுக்கு மகம் வந்தது.

அந்த அம்மா லேசில் விடுகிற ஆளா? “பாளையங்கோட்டை மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்” என்றார். இரண்டு ஆட்டோ பிடித்து, ஃப்ளாப்பியோடு எல்லாரும் ஆற்றுப்பாலம் தாண்டிப் போனோம். உன் வாப்பா பின்னாலேயே சைக்கிளில் வந்தார். அங்கேயும் சுவாதி, மகம். அந்த அம்மா திரையை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். “மனசுல வச்சுக்காதிய” என்றார். அப்பா உன்னைத்தான் பார்த்தார். அப்பா கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாசலில் உன் வாப்பா யாரோ ஒருவரிடம், “உள்ள பேசுது பாருங்க, அது எம் மவ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை உன்னிடம் சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது, நீ சும்மா இருந்திருக்கலாம். இருக்க மாட்டாயே. அம்மாவிடம் கேட்டாய்: “அத்தை, நெசமாவே ஆயில்யமா இருந்திருந்தா காந்திமதி அக்கா வேற ஆளா ஆயிருப்பாவளா?” அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் உன் தொடையில் கிள்ளினேன்.

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். அக்காவுக்குப் பெண் குழந்தை. அந்த மாமியார்தான் குளிப்பாட்டி விடுகிறார். அண்ணாச்சி மூன்றாவது ஆபீஸ் திறந்து, இன்னொரு தினுசு மெஷின் வாங்கியிருக்கிறார். நம் ப்ரோகிராம் அதிலும் ஓடுகிறது, ஒரு வரி மாற்றவில்லை. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும் என்று ஊரே பேசுகிறது. நான் போய்ப் பார்த்தேன். வருஷத்தை நீ எல்லா இடத்திலும் நாலு இலக்கமாகத்தான் எழுதியிருக்கிறாய். யார் எழுதினது என்று வருகிறவர்கள் கேட்டால், அண்ணாச்சி உன் பெயரை ஊரோடு சேர்த்துச் சொல்கிறார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. என் பெயரை அவர் மறந்துவிடுகிறார், அது வேறு விஷயம்.

இன்னொன்று. தம்பி சங்கரனுக்குப் பெண் பார்த்தோம். நல்ல பெண், தென்காசிப் பக்கம். பெண்ணின் அம்மா வீட்டுக்கு வந்து, உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். “எம் மவ ஆயில்யம். இதுக்கு முன்ன நாலு இடத்துல வேண்டாம்னுட்டாவ. மறைக்க எங்களுக்கு மனசில்ல.”

எங்கள் சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். “மதினி, இது ஒங்களுக்குத்தான் ஆகாது, பாத்துக்கிடுங்க” என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னாள்.

“ஜெய்னம்புன்னு ஒரு பிள்ள, இங்கன உக்காந்து என்கிட்ட ஒண்ணு கேட்டா. பதில் தெரியாம உள்ள எந்திரிச்சுப் போயிட்டேன். திரும்ப வந்து சொல்லுததுக்குள்ள அவ போயிட்டா” என்றாள். “உங்க மவளை எங்களுக்குக் குடுங்க. ஆயில்யமா இருந்தாலும் அவ அவதான்.”

தையில் கல்யாணம், ஜெய்னம்பு. முதல் விருந்து உன் உம்மா வீட்டில்தான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், அம்மாவும் வருகிறாள்.

இப்படிக்கு,
உன் உம்மா இப்போது மகளே என்று கூப்பிடுகிற,
கோமதி