நைட்ரஜன் கேனில் பதினோரு குடும்பம்

8-7-99, வியாழன்

விடியற்காலையிலிருந்து சாரல். பாலக்காட்டுக் காத்து. துவைச்ச துணி மூணாவது நாளாக் காயல. உக்கடத்தில் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்.

லேபில் முதல் வேலை கேன் அளவு பாக்கறது. மாட்டாஸ்பத்திரியில் காளை விந்து வைக்கிற அதே மாதிரிக் கேன்தான். குச்சியை உள்ளே விட்டு எடுத்து ஆட்டணும். எதுவரைக்கும் வெள்ளைப் பனி படியுதோ அதுவரைக்கும் திரவ நைட்ரஜன். இன்னிக்கு 21 செ.மீ. நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டாச்சு. எதுக்கு இந்தக் கையெழுத்து? உள்ளே இருக்கிறதெல்லாம் மே மாசமே செத்துப்போச்சு.

இங்கேயாவது எழுதி வெக்கறேன். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் ஒன்பது நாள் லீவு. டாக்டர் வெளிநாட்டில், ஏதோ மாநாடு. கேனில் கசிவு. நைட்ரஜன் வண்டியும் வரல. குச்சி விட்டுப் பாக்க ஒரு ஆள் இல்லை. நான் திரும்பி வந்து விட்டப்போ குச்சி காஞ்சு வந்தது. பிள்ளையில்லாத பதினோரு குடும்பத்தோட உறைய வெச்ச கரு, பேர் எழுதின மெல்லிசு ஸ்ட்ராவில். வெதுவெதுன்னு இருந்தது கேனோட வாய்.

டாக்டரிடம் சொன்னேன். அவர், "வேற கேன்ல மாத்தி நிரப்பிடுங்க நசீமா. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுங்க."

மாத்தினேன். நிரப்பினேன்.

மத்தியானம் காரமடை சரஸ்வதி வந்தது. 36 வயசு, கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ரெண்டு தடவை வெச்சும் நிக்கல. பாக்கி அஞ்சு கரு எங்களிடம். இருக்கிறதா அது நெனச்சுட்டிருக்கு. இந்த வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளி, 16-ஆம் தேதி, மூணாவது தடவை வெக்கறதா ஏற்பாடு. அதுக்காகத் தினம் மாத்திரை, இடுப்பில் ஊசி.

"ஆடி பொறக்கறதுக்குள்ள வெச்சுப்போடுங்க சிஸ்டர். அதுக்கப்புறம் ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க."

நான் சிஸ்டர் இல்லை, லேப் டெக்னீசியன்னு சொல்லிச் சொல்லி அலுத்தாச்சு.

போகும்போது கதவைப் பிடிச்சுட்டு நின்னு கேட்டது: "ஏனுங் சிஸ்டர், அதுகளுக்குக் குளுராதுங்களா?"

"குளிராதுங்க" என்றேன்.

வாங்க: பல்பு, அத்தாவுக்கு இருமல் மருந்து, ஊசிநூல்.

9-7-99, வெள்ளி

ஞாயித்துக்கிழமை அவினாசி ரோட்டில் ஒரு ஹாலில் கருத்தரங்கமாம். வியாபாரிகள் சங்கம் ஒண்ணு நடத்துது. தலைப்பு: 'கருவில் உயிர் எப்போது?' அமெரிக்காவில் மனுசக் கருவிலிருந்து மூல செல் எடுத்து வளர்த்துட்டாங்க, அதை வெச்சுக் கெட்டுப்போன உறுப்பைச் சரி பண்ணலாம்னு பேப்பரில் வந்ததிலிருந்து ஊரில் ஆளாளுக்கு ஒரு கருத்து. பஸ்ஸில்கூட. "குழந்தையை அரைச்சு மருந்து பண்றானாமுங்க." "அவன் எதையும் பண்ணுவானுங்க."

பாதிரியார் ஒருத்தர், மடத்துச் சாமி ஒருத்தர், பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருத்தர். அறிவியலுக்கு நம்ம டாக்டர்.

நான் ஒரு சின்னக் கேனில் நைட்ரஜன் கொண்டுவரணுமாம். மேடையில் ஊத்தினா புகை வரும், ஜனங்களுக்குப் பிடிக்கும்கிறார். வரலைன்னேன். "நீங்க இல்லாம லேபே இல்லைங்களே" என்று சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பாக்கவே பிடிக்கல.

சாயந்திரம் தலைவலி. அத்தா வாங்கிவந்த பன் சாப்பிடல.

11-7-99, ஞாயிறு

கை கழுவிட்டு எழுதறேன். ரெண்டு தடவை சோப்புப் போட்டாச்சு.

ஹால் நிறைஞ்சிருந்தது. வாசலில் பன்னீர். கேனைத் தூக்கிட்டுப் போன என்னை மட்டும் போலீஸ்காரர் நிறுத்தினார். என்ன இது, பேர் என்ன, எந்த ஏரியா. பேரும் ஏரியாவும் சொன்னதும் இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டார். டா. வந்து "நம்ம ஸ்டாஃப்தானுங்க" என்றதும் விட்டார்.

பாதிரியார்: முதல் நொடியிலேயே அது மனுசன், கடவுளுக்குத் தெரிஞ்ச மனுசன், தொடக்கூடாது. சாமி: உடம்பைத் தேடி ஆத்மா வருது, வந்த வாசலை அடைக்கிறது பாவம். ஹஜ்ரத்: நாலு மாசம் கழிச்சுத்தான் ரூஹு, அதாவது உயிர், ஊதப்படுதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க, அதுக்காக அதுக்கு முந்தி விளையாட்டுப் பொருள்னு அர்த்தமில்லை, நோயாளிக்கு உதவும்னா உக்காந்து யோசிக்கணும். மூணு பேரும் நம்பித்தான் பேசினாங்க. ஹஜ்ரத்துக்குக் குரல்கூட நடுங்கினது. அவங்க மேல எனக்குக் கோபமில்லை.

அப்புறம் டா. எழுந்தார். நான் கேனைச் சாய்ச்சேன். மேடையெல்லாம் புகை. கைதட்டல். முன்வரிசையில் ஒருத்தர் எழுந்து நின்னே தட்டினார்.

"அமெரிக்காவுல என்னமோ பண்ணட்டுங்க. எங்க லேப்ல இருக்கிற ஒவ்வொண்ணும் எங்களுக்குக் குழந்தைங்க. பேர் எழுதி வெச்சுக் காவல் காக்கறோம். ஒண்ணைக்கூட வீணாக்கினதில்லை, ஆராய்ச்சிக்கும் தரமாட்டேன்."

பாதிரியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். டா.வின் கையைப் பிடிச்சு வாழ்த்தினார். அந்த நல்ல மனுசனை இப்படி ஏமாத்தறதைப் பக்கத்தில் நின்னு பாத்தேன். கையில் காலி கேன்.

கேள்வி நேரம். ஒருத்தர்: "டாக்டருங்க, கரு ஏதாச்சும் மாறிப் போய் சாதி கலந்துராதுங்களா?" சிரிக்கல யாரும். நிஜமாவே பதிலுக்குக் காத்திருந்தாங்க. வாய்ப்பே இல்லைன்னு டா. சத்தியம் பண்ணாத குறை. ஹாலுக்கே நிம்மதி. சீ.

அப்புறம் ஒரு அம்மா. ரிட்டயர்டு டீச்சராம். நடுக்க வியாதி. மைக் தாடையில் இடிச்சு டக் டக்னு சத்தம்.

"என்ற கையைப் பாருங்க. சோறு பெசஞ்சா வாய்க்கு வந்து சேராதுங்க. உசுரோட இருக்கறதக் கேக்கல. எப்படியும் வீணாப் போறது இருக்குமல்லங்க, அதுல எங்களுக்கு மருந்து கண்டுபுடிக்கட்டுமேன்னு கேக்கறனுங்க."

டா. கையைக் கூப்பினார். "வீணாப் போறதுன்னு ஒண்ணு எங்ககிட்ட இல்லீங்கம்மா."

அதுக்குத்தான் எல்லாத்தையும் விடப் பெரிய கைதட்டல். அந்த அம்மாவுக்கு மைக்கைத் திருப்பிக் குடுக்கக்கூட முடியல, ஒருத்தர் வந்து பிடுங்கிட்டுப் போனார்.

கேனில் செத்தது மொத்தம் நாப்பத்திமூணு கரு. ஒருத்தர் மடிக்கும் போகல, ஒருத்தர் கைநடுக்கத்துக்கும் ஆகல. கவனக்குறைவில் செத்ததுக்கு மேல நின்னு டா.வுக்குப் பொன்னாடை.

பின்னாடி டிஃபன். கேசரி, போண்டா. நெய் வழிய வழிய டா. சாப்பிட்டார். "நீங்களும் எடுத்துக்கங்க நசீமா, நல்லாருக்கு." காலி கேனைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

12-7-99, திங்கள்

வெயில். துணி காஞ்சது.

பேப்பரில் டா. படம். அதை வெட்டி வரவேற்பறையில் ஒட்டச் சொல்லியிருக்கார். ஒட்டியாச்சு. கர்ப்பத்துக்காக வந்த பொண்ணுங்க எழுந்து போய் எழுந்து போய்ப் படிக்கறாங்க.

காரமடைக் கேஸ் என்ன பண்றதுன்னு கேட்டேன். இவ்வளவு நாள் கேக்காம இருந்தது நான்தான். கதவைச் சாத்தினார்.

"மீடியம் மட்டும் வெச்சிரலாங்க."

மீடியம்னா கரு மிதக்கிற தண்ணி. கரு இல்லாம அந்த ஒரு சொட்டுத் தண்ணியைக் கர்ப்பப்பையில் வெக்கறது. ரெண்டு வாரம் படுக்கச் சொல்றது. அப்புறம் ரத்தம் எடுத்து, நிக்கலைங்கன்னு சொல்றது.

"அவங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை பழக்கம்தானுங்களே. இதே மாதிரி ஒவ்வொருத்தருக்கா முடிச்சுட்டா நோட்டு சுத்தமாயிரும்."

பழக்கம்! நான் செய்ய மாட்டேன், அவங்களிடம் சொல்லிருவேன்னு சொன்னேன்.

கோபப்படல. தண்ணி எடுத்துக் குடுத்தார். "அளவு நோட்டுல யார் கையெழுத்துங்க? மே மாசத்துக்கும் நீங்கதான் பின்னாடி எழுதி நிரப்பினீங்க. நான் சொன்னேன்னு எங்கேயாவது இருக்குதுங்களா? கம்ப்ளெயிண்ட் ஆச்சுன்னா போலீஸ் மொதல்ல யார் ஊட்டுக்கு வரும்னு உங்களுக்குத் தெரியாததுங்களா? உங்க அண்ணனைப் போன வருஷம் கூட்டிட்டுப் போனது மறந்துபோச்சுங்களா?"

எல்லாத்திலும் ஒரு 'ங்க'. மரியாதையாப் பேசி மனுசனைக் கொல்லலாம்னு இன்னிக்குத் தெரிஞ்சது.

ஊரில் குண்டு வெடிச்சப்போ அண்ணன் எட்டு நாள் ஸ்டேஷனில் இருந்தான். ஒண்ணுமில்லைன்னு விட்டாங்க. இப்பவும் கதவு தட்டினா எழுந்து பின்பக்கம் போறான்.

13-7-99, செவ்வாய்

அத்தாவிடம் சொன்னேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டுக் கேட்டார். ரொம்ப நேரம் பூட்டைத் திறந்து திறந்து மூடினார்.

"வேலையை விட்டுரு. ஆனா யாரிடமும் சொல்லாதே. இன்னொரு தடவை உங்க அம்மா தாங்க மாட்டா."

"அந்தப் பொண்ணுக்குத் தண்ணியை வெப்பாங்க அத்தா."

"அவங்க ஊட்டுப் பொண்ணு. என் புள்ளை இல்லை."

சொல்லிட்டு அவருக்கே பிடிக்கல. முகத்தைத் திருப்பிக்கிட்டார். நானும் எழுந்து வந்துட்டேன். எங்க அத்தா இப்படிப் பேசிக் கேட்டதில்லை. இதுக்கும் அந்த ஆள்தான் காரணம்.

லேபில் சரஸ்வதிக்கு ஊசி. இடுப்பெல்லாம் கன்னிப்போய்க் கட்டி கட்டியா. "வலிக்குதுங்களா?" "வலிச்சா நல்லதுன்னு சொன்னாங்க சிஸ்டர்."

மத்தியானம் நோட்டிலிருந்து பதினோரு விலாசத்தையும் பில் புக் பின்னாடி எழுதிக்கிட்டேன்.

15-7-99, வியாழன்

லீவு சொல்லாமலே மேட்டுப்பாளையம் பஸ். காரமடையில் இறங்கி ஒன்றரை மைல் நடை. வாழைத்தோட்டத்துக்குள்ளே ஓட்டு வீடு. சரஸ்வதி எருமைக்குத் தண்ணி காட்டிட்டிருந்தது. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க சிஸ்டர். நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னைக்கே ஊட்டுக்கு வந்துட்டீங்க! இருங்க, காப்பி வெக்கறேன்."

காப்பி வேண்டாம்னு சொல்லி, நின்ன இடத்திலேயே சொன்னேன். கேன் காஞ்சுபோச்சு, அஞ்சும் இல்லை, நாளைக்கு வெறும் தண்ணியைத்தான் வெப்பாங்க, வராதீங்க.

அழும்னு நெனச்சேன். அழல.

"எப்பங்க?"

"மே மாசம்."

"வைகாசி விசாகத்தன்னைக்கு நான் வந்தனுங்களே. அதுக்கு முந்தியா, பிந்தியா?"

முந்தின்னேன்.

"அன்னைக்குக் கேட்டனுங்களே. அஞ்சும் நல்லா இருக்குதுங்கம்மான்னு சொன்னீங்களே. டாக்டரு சொல்லல. நீங்கதானுங்க சொன்னீங்க."

ஆமா. நான்தான். சிரிச்சுட்டே சொன்னேன். நான்தான் மாத்திரை எடுத்துக் குடுத்தேன், நான்தான் இடுப்பில் பஞ்சு வெச்சுத் தேச்சேன். டா. மேல இத்தனை நாள் காறித் துப்பினதெல்லாம் என் மேலயும் விழுந்திருக்கு, இன்னிக்குத்தான் ஈரம் தெரியுது.

வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்தார். "யாரு அம்மணி?" என்று கேட்டார். சரஸ்வதி அவரைப் பாக்கல. "ஆஸ்பத்திரியில இருந்துங்க. நாளைக்கு வர வேண்டாமாமா." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டது. அவர் என்னையும் கதவையும் மாத்தி மாத்திப் பாத்தார். அவருக்கு நான் முழுசும் சொன்னேன். மண்வெட்டியைச் சுவத்தில் சாய்ச்சு வெச்சார். ரொம்பப் பக்குவமா. "நீங்க போயிருங்கம்மா" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் கிடைச்சது. காரமடையிலிருந்து காந்திபுரம் வரைக்கும் ஒண்ணும் பாக்கல.

16-7-99, வெள்ளி

டா. ஆள் அனுப்பி என் டிபன் பாக்ஸையும் குடையையும் வீட்டுக்கே அனுப்பிட்டார். வேலை போச்சு.

அத்தா ஜும்மாவுக்குப் போயிட்டு வந்து, "மத்தவங்க வீட்டுக்கெல்லாம் எந்த பஸ்?" என்றார். தனியாப் போகாதே, நானும் வாரேன் என்றார். வேண்டாம்னு சொல்லிட்டேன். இருந்தாலும் ராத்திரி சோறு இறங்கினது.

18-7-99, ஞாயிறு

மதுக்கரை. சிமெண்ட் தூசி, வேப்ப இலைகூடச் சாம்பல் நிறம். புருசன் என்னை அடிக்க வந்தார், பக்கத்து வீட்டார் பிடிச்சாங்க.

பீளமேடு. கதவே திறக்கல. ஜன்னல் வழியா, "டாக்டர் போன் பண்ணிச் சொல்லிட்டாருங்க. போயிருங்க." என்ன சொன்னார்னு சொல்லல.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் குடுக்கணும்.

20-7-99, செவ்வாய்

என்ன சொன்னார்னு சூலூரில் தெரிஞ்சது.

தறி ஓடற வீடு. போர் விமானம் ஒண்ணு தாழ்வாப் போக, அந்தச் சத்தம் அடங்கற வரைக்கும் வாசலில் நின்னேன். தறிக்காரர் என்னைப் பாத்ததும் மெஷினை நிறுத்தினார். பேர் கேட்டார். சொன்னேன்.

"நீதானா? கருவெல்லாம் திருடி மூல செல் எடுக்கறதுக்கு அமெரிக்காவுக்கு வித்துப்போட்டியாமா? டாக்டரு அழுதுட்டே சொன்னாரு. ஞாயித்துக்கிழமை மேடையில அந்தப் பெரியவங்க எல்லாம் எதுக்குப் பயந்தாங்களோ, அது என்ற லேப்லயே நடந்துபோச்சுன்னு."

அந்த மேடையை இதுக்குமா! பாதிரியாரோட கண்ணீர், ஹஜ்ரத்தோட நடுங்கின குரல், எல்லாத்தையும் எடுத்துத் தன் கையைத் துடைச்சுக்கிட்டிருக்கார். என் பேரும் என் தெருவும் இருந்தா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்.

"நான் விக்கலீங்க. கேன் காஞ்சு செத்துப்போச்சுங்க. மே மாசம். நானும் மறைச்சேன். அது என் தப்பு. விக்கல."

"பொய் சொல்லாத."

"பொய் சொல்றதுன்னா வேலையிலேயே இருந்திருப்பேனுங்க. உங்க ஊட்டுக்கு எதுக்கு வாரேன்?"

அது வரைக்கும் நூல் சுத்திட்டிருந்த அவர் சம்சாரம் எழுந்து வந்து என் முன்னாடி நின்னாங்க. முடியெல்லாம் பஞ்சுத்தூசி.

"வித்திருந்தீங்கன்னாக்கூட, எங்கியாச்சும் ஒண்ணு உசுரோட இருந்திருக்குமுங்களே."