பயனாளி எண் ஒன்று

கரமனை,
திருவனந்தபுரம்,
13-11-1981

அன்பு மகள் ரத்னாபாய்க்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவால் இங்கே நான், அம்மா, தம்பி தாஸ் மூவரும் சுகமாக இருக்கிறோம், என் இடது காலைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். நீயும் மருமகன் சத்தியநேசனும் பிள்ளைகளும் அந்த ஆப்பிரிக்க வெயிலில் எப்படி இருக்கிறீர்களோ என்று அம்மா தினமும் காலண்டரைப் பார்த்துக் கேட்கிறாள், காலண்டருக்கு என்ன தெரியும். உன் கடிதம் ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்தது. பதில் எழுத இரண்டரை மாதம் ஆனதற்குச் சோம்பல் காரணம் இல்லை, நீ கேட்ட கேள்வி அப்படி. பெங்களூரில் ஒரு இல்லம் பார்த்திருக்கிறாய், தாஸுக்கு அங்கே ஒரு கட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், நவம்பர் முடிவதற்குள் சரி, வேண்டாம் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், செலவை நீ பார்த்துக்கொள்வாய், அப்பாவுக்கு வயதாகிறது, கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலையும் ஒடித்துக்கொண்டார், இனி அவனை யார் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, நியாயமான கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு இங்கே நடந்ததை முழுக்கச் சொல்லாமல் பதில் மட்டும் எழுதினால் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பாய், ஆகவே பொறுமையாகப் படி.

நாங்கள் நான்கைந்து குடும்பம் சேர்ந்து நடத்துகிற கூடப் போவோர் சங்கத்தைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். நம் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாமல் யாராவது ஒருவர் கூடப் போய் சந்தை, சபை, கோயில் திருவிழா, வாசகசாலை என்று நாலு பேர் நடமாடும் இடத்தில் அவர்களும் நடமாட வேண்டும், அவ்வளவுதான் சங்கம். சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கோமதிநாயகம் தலைவர், அவர் மகள் மாடம்மாள் போலியோ வந்து இரண்டு கட்டையை ஊன்றி நடப்பவள், பி.ஏ. பாஸ். ஜவுளிக்கடை நயினார் செயலாளர், அவர் தம்பி பிச்சைக்கனிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நான் பொருளாளர். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, எந்த விசேஷம் என்றாலும் பிள்ளைகள் சும்மா உட்காரக் கூடாது, வேலையெல்லாம் அவர்கள் செய்வார்கள், கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருப்போம். தாஸின் வேலைதான் உனக்குத் தெரியுமே. முப்பது வயதாகியும் சில்லறை எண்ணத் தெரியாது, மணி பார்க்கத் தெரியாது, ஆனால் கல்யாண வீடோ சாவு வீடோ கட்சிக் கூட்டமோ, நாற்காலி போட அவனை விட்டால் ஆள் கிடையாது. நூல் பிடித்த மாதிரிப் போடுவான். கடைசியில் யாராவது எழுந்து நன்றி என்று சொன்னால் கூட்டம் முடிந்தது என்பது அவன் சட்டம், அந்த நிமிஷமே நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிடுவான், யார் உட்கார்ந்திருந்தாலும் சரி.

என் கால் ஒடிந்த பிறகு கூடப் போக ஆள் இல்லை. கோமதிநாயகத்துக்கு மூட்டுவலி, நயினாருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, பஸ் வருவது தெரியாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறார் என்று பிச்சைக்கனியே புகார் சொல்லிவிட்டான். ஆறு வாரம் தாஸ் வீட்டுக்குள் கிடந்தான். நம் வீட்டு நாற்காலி நான்கையும் வாசலைப் பார்த்து வரிசையாகப் போட்டுவிட்டு, யாராவது செத்தார்களா என்று காலையும் மாலையும் அம்மாவிடம் கேட்பான். அம்மா அடுக்களையில் போய் அழுவாள். அந்தச் சமயத்தில்தான் உன் கடிதமும் வந்தது. கூடப் போக இரண்டு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடிந்தால் அவனுக்கு வெளியுலகம் உண்டு, இல்லையென்றால் பெங்களூர்தான் என்று நானே மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். உன்னிடம் இதுவரை அதைச் சொல்லவில்லை.

இந்த வருஷம் விகலாங்க வருஷம், அதாவது ஊனமுற்றோர் வருஷம் என்று உலகம் முழுக்க அறிவித்திருக்கிறார்களே, அதை ஒட்டி எங்களைப் போன்ற சங்கங்களுக்கு கிராண்ட் தருவதாகப் பேப்பரில் வந்தது. அதைத் தரும் சர்க்கார் ஆபீஸ் இருப்பது மூன்றாவது மாடியில், விண்ணப்பத்தை விகலாங்கர் நேரில் வந்து தர வேண்டும் என்பது விதி. மாடம்மாள் அரைமணி நேரம் படியேறிப் போய் நீட்டினாள். மூன்று மாடி ஏறி வருகிறவளுக்கு என்ன குறை என்று கிளார்க்குக்குச் சந்தேகம், டாக்டர் சர்டிபிகேட் கேட்டார், அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறினாள். ஃபாரத்தில் ஒவ்வொருவரும் பொது வாழ்க்கையில் மாதம் எத்தனை முறை கலந்துகொண்டார், என்ன முன்னேற்றம் என்று கட்டம் போட்டிருந்தார்கள். நயினார் மனசாட்சிப்படி எழுதினார். மாடம்மாள், மீன் சந்தையில் விலை பேசியது நான்கு முறை, முன்னேற்றம், மீன்காரி இப்போது இவளைக் கண்டால் பயப்படுகிறாள். சத்தியதாஸ், சாவு வீடு பதினொன்று, முன்னேற்றம், முன்பெல்லாம் அழுகிறவர்களிடமிருந்தே நாற்காலியைப் பிடுங்குவான், இப்போது அழுது முடிக்கும்வரை பக்கத்தில் காத்து நிற்கிறான். இதைப் படித்து எங்களை விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன், நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தில் ஒரு நிபந்தனை, சங்கத்தை நடத்துகிறவர்கள் சிவப்பு ரிப்பனும், பயனாளிகள் நீல ரிப்பனும் சட்டையில் குத்தியிருக்க வேண்டும். பயனாளி என்றால் உதவி பெறுகிறவர். நயினார் கடையிலிருந்து ரிப்பன் வெட்டி வந்தார், குத்திவிடும் பொறுப்பைத் தாஸிடம் கொடுத்தோம். அவனுக்குப் புரியும்படி நான்தான் சொல்லிக் கொடுத்தேன், வேலை செய்து எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சிவப்பு, உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு நீலம் என்று. அவன் நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்தான். மாடம்மாள் மேஜைக்குப் பின்னால் ரிஜிஸ்டருடன் இருந்தாள், அவளுக்குச் சிவப்பு. பிச்சைக்கனி டீ ஊற்றிக்கொண்டிருந்தான், அவனுக்குச் சிவப்பு. தனக்கும் ஒன்று குத்திக்கொண்டான். முன்வரிசையில் கஞ்சி போட்ட சட்டையுடன் உட்கார்ந்திருந்த தலைவர், செயலாளர், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்த பொருளாளர் எங்கள் மூவருக்கும் நீலம். ஆபீசரின் ஜீப் சபை ஹால் வாசலில் வந்து நின்ற பரபரப்பில் நாங்கள் யாரும் குனிந்து நெஞ்சைப் பார்க்கவில்லை.

வந்த ஆபீசர் நல்ல மனுஷன், சிறுவயது. தாஸ் அவரைக் கைபிடித்து நாற்காலியில் அமர்த்தினான். பிச்சைக்கனி கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் கேட்டே கிளாஸ் விளிம்புவரை ஊற்றி ஒரு சொட்டு சிந்தாமல் நீட்டினான். அவர் குடித்துவிட்டு, மலையாளத்தில் நன்றிக்கு நன்னி என்பார்களே, அதைச் சொன்னார். அவ்வளவுதான், தாஸ் அவரை எழுப்பி நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டான். பாவம், மீதி இன்ஸ்பெக்ஷன் முழுவதையும் நின்றுகொண்டே செய்தார், பயனாளிகள் உட்கார்ந்திருக்க விருந்தாளி நிற்க வேண்டும் என்பது இங்கே மரியாதை போலிருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். மாடம்மாள் சுத்தமான மலையாளத்தில் விவரமெல்லாம் சொன்னாள், கட்டைகள் மேஜைக்கடியில் கிடந்தன. பிறகு எங்களிடம் வந்தார். ஆபீசர்களைக் கண்டால் கோமதிநாயகத்துக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நயினார் காது கேட்காத பக்கம் கேள்வி வந்ததால் எல்லாவற்றுக்கும் சிரித்தார். என் முன்னால் அந்த ஆபீசர் முழங்காலிட்டு உட்கார்ந்து, கைகளைப் பிடித்துக்கொண்டு, உரக்க, மெதுவாக, “அம்மாவா, பேரெந்தா?” என்று, அதாவது மாமா, உங்கள் பேர் என்ன என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், நான் ராஜையன், இந்தச் சங்கத்துப் பொருளாளர், டிரான்ஸ்போர்ட்டில் முப்பத்தோரு வருஷம் செக்கர் என்று சொன்னேன். “ஆயிக்கோட்டே, ஆயிக்கோட்டே” என்று, அதாவது இருக்கட்டும் இருக்கட்டும் என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இவர் எப்போதும் இப்படித்தான் சொல்வாரா என்று தாஸிடம் கேட்டார். நம் தாஸுக்குப் பொய் வராதே. “தெனமும் சொல்லுவாரு சாரே” என்றான். இவர் மேல் உனக்குக் கோபம் வருமா என்றார். “நாற்காலி வரிசை வளைஞ்சு தெத்தினா மட்டும் வரும்” என்றான். அதையும் எழுதிக்கொண்டார்.

ஜீப் போன பிறகுதான் ரிப்பனைப் பார்த்தோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, பின்னாலேயே ஆள் அனுப்பி நிறுத்தச் சொன்னேன். மாடம்மாளுக்குப் பாதியிலேயே தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் பேசாமல் இருந்திருக்கிறாள். “எங்களுக்கு வருஷம் பூரா இப்படித்தான் மாமா கையத் தட்டிக் குடுத்திட்டு போவாவ. உங்களுக்கு ஒரு நாளுதான, சும்மா இரிங்க” என்று சொன்னாள். ஆள் அனுப்புகிற பேச்சை அதோடு விட்டேன் மகளே. வெட்கமாக இருந்தது. தாஸைப் பார்க்க வருகிறவர்களிடம், அவன் அப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள் என்று நான் எத்தனை தடவை அவன் காதுபடச் சொல்லியிருப்பேன்.

வருஷம் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டுமாம், அதனால் எங்கள் ஃபாரத்தைத் திருப்பிப் பார்க்காமல், ரிப்பன் நிறத்தை வைத்தே அக்டோபரில் ஆர்டர் போட்டுவிட்டார்கள். பயனாளி எண் ஒன்று, த. ராஜையன், வயது அறுபத்துநான்கு, தன்னைப் பொருளாளர் என்று கருதிக்கொள்கிறார், மற்றபடி உபத்திரவம் இல்லை. பராமரிப்பாளர், ஆர். சத்தியதாஸ், பொறுமைசாலி, கண்டிப்பானவர். பராமரிப்பாளர் வாரம் மூன்று நாள் பயனாளியைப் பொது இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஆபீஸ் அனுமதியின்றிப் பராமரிப்பாளரை இடம் மாற்றக் கூடாது. கூடப் போக இரண்டு ஆள் சம்பளமும் அனுமதி. நயினார் பேசாமல் வாங்கிக்கொள்வோம் என்றார். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவனை முப்பத்தோரு வருஷம் இறக்கிவிட்ட நான் எப்படி அந்தப் பணத்தில் உட்கார்ந்து போவது. நடந்த தவறை விளக்கி நாலு பக்கம் ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். பயனாளிகளின் கடிதம் பராமரிப்பாளர் மேலொப்பத்துடன் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா சொல்லிக்கொடுத்த பெரிய எழுத்தில் தாஸ் கையெழுத்துப் போட்டான், மறுபடி அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. பயனாளியின் கையெழுத்திலும் சிந்தனையிலும் காணப்படும் முன்னேற்றம் மகிழ்ச்சி அளிக்கிறது, பராமரிப்பாளருக்குப் பாராட்டு. இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படி யோக்கியமாக இருப்பது என்று நீயே சொல்.

ஆர்டரைப் படித்துக் காட்டியதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தாஸ் என்னை வெளியே கூட்டிப்போகிறான். சம்பளத்துக்கு வந்த ஆள் பத்தடி தள்ளித்தான் வர வேண்டும், பக்கத்தில் வர விடமாட்டான். ஒரு கையில் என் மணிக்கட்டு, இன்னொரு கையில் மடக்கு நாற்காலி. நேற்று வியாழக்கிழமை கரமனைப் பாலத்தைத் தாண்டி ரோட்டைக் கடக்கும்போது பாதியில் என் கால் பிடித்துக்கொண்டது, ஒரு அடி வைக்க முடியவில்லை. தாஸ் நின்றான், நாற்காலியை விரித்தான், மெயின் ரோட்டு நடுவில் என்னை உட்கார வைத்தான். இந்தப் பக்கம் இரண்டு பஸ், அந்தப் பக்கம் ஒரு லாரி, எல்லாம் ஆரன் அடிக்கிறார்கள். முதல் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்தார், டிக்கெட் கொடுக்காததற்காக ஒரு தடவை நானே புகார் எழுதிக் கொடுத்த ஆள், என்னை நடுரோட்டில் நாற்காலியில் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சல்யூட் அடித்தார். தாஸ் பஸ்ஸைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். “அப்பா உக்காந்திருக்கு, கூட்டம் முடியல” என்கிறான். வலி குறைந்த பிறகு தாஸ், போதும், எடு என்று சொன்னேன். அசையவில்லை. என்ன சொன்னால் எடுப்பான் என்று எனக்குத் தெரியும்தானே, இருந்தும் வாயில் வரவில்லை. முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. நன்றி தாஸ் என்றேன். உடனே என்னை எழுப்பி, நாற்காலியை மடக்கி, கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டான். பஸ்கள் போயின. நான் சுவரோரம் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், நான் அழுது முடிக்கும்வரை அவன் பக்கத்தில் காத்து நின்றான்.

ஆகவே பெங்களூருக்கு எழுதிவிடு, அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கட்டும். எங்களுக்குப் பிறகு என்ன என்று நீ கேட்டதற்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை, மாடம்மாளும் பிச்சைக்கனியும் அதைச் சங்கத்தில் பேச எடுத்திருக்கிறார்கள், இனி கமிட்டியில் அவர்கள் இருப்பார்கள், தாஸும் இருப்பான். நீயும் அவர்களோடு சேர்ந்து யோசி. ஆனால் இப்போது அவனை அனுப்பினால் என்னை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் யோசித்துக்கொள். பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு, மருமகனிடம் மலேரியா மாத்திரையை மறக்க வேண்டாம் என்று சொல். கிறிஸ்துமஸுக்கு எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் அனுப்ப வேண்டாம், தாஸுக்கு மட்டும் அவன் பெயரிலேயே தனியாக ஒரு கடிதம் போடு, கவரில் பராமரிப்பாளர் என்று எழுத மறக்காதே, தபால்காரரிடம் தினமும் விசாரிக்கிறான். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து நடத்துவாராக. அம்மா உங்கள் எல்லாருக்கும் முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு
உன் அன்புள்ள அப்பா
த. ராஜையன்

மேலொப்பம்:
ச த் தி ய தா ஸ்