ஷவர் போட்டாகிவிட்டது

வெள்ளை சிமெண்ட் வாசனை ஒரு வாரமாகியும் போகவில்லை. நம் படுக்கையறையை ஒட்டிய டாய்லெட்டில் ஷவர் போட்டாகிவிட்டது. யாருக்காகக் கேட்டேனோ அவர்தான் இல்லை. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் உங்களோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்து பார்க்கட்டும்.

மூட்டு வலி வந்த பிறகு ஹாலை ஒட்டிய பொது பாத்ரூமின் உயரமான வாசற்படியை உங்களால் தாண்ட முடியவில்லை. குனிந்து மக்கில் மொள்ளவும் முடியவில்லை. ஸ்ரீராம்புரத்திலிருந்து பிளம்பர் செல்வத்தை வரவழைத்தேன். டாய்லெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி கொண்டாறது சுலபம்மா. போறதுக்குத்தான் வழியில்ல," என்றார். தரையில் வடிகாலே வைக்காமல் கட்டியிருந்தார்கள். தளத்தில் துளை போட்டு, கீழ்வீட்டு சீலிங்குக்கு அடியில் பைப் ஓட்டி, பெரிய குழாயில் சேர்க்க வேண்டும். அதற்குக் கீழ்வீட்டு ஸ்டெல்லா சம்மதிக்க வேண்டும்.

"நானே போய்க் கேக்கறேன்," என்று கைத்தடியோடு லிஃப்டில் இறங்கினீர்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தீர்கள். "ஒத்துக்கல. உங்க அழுக்குத் தண்ணி எங்க தலைக்கு மேல எதுக்குன்னு கேட்டுட்டாங்க."

அன்றோடு ஸ்டெல்லாவிடம் பேச்சை நிறுத்தினேன். கிறிஸ்துமஸுக்கு அவள் கொண்டுவந்த குல்குல் பலகாரத் தட்டை மூடிய துணியைக்கூட விலக்காமல் திருப்பிக் கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு கிறிஸ்துமஸ். நீங்கள் ஹாலில் பேப்பரும் கையுமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

தினமும் உங்களை அணைத்துப் பிடித்து அந்தப் படியைத் தாண்ட வைத்து, ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் வழுக்கியது. என்னால் பிடிக்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. சாவுக்கு வந்த ஸ்டெல்லாவுக்கு நான் முகம் கொடுக்கவில்லை. ஒரு பைப்புக்கு இடம் கொடுக்காதவள் மாலையோடு வந்து நிற்கிறாளே என்று வயிறு எரிந்தது.

போன மாதம் அவர்கள் வீட்டில் குழாய் ரிப்பேருக்குப் போன செல்வம், அன்றைக்கு ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஸ்டெல்லா மாவுக் கையோடு மேலே ஓடிவந்தாள். "அக்கா, அண்ணன் எங்க வீட்டு பெல்லையே அடிக்கலையே. ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்போம்?"

பிறகு தயங்கித் தயங்கிப் பழைய கதையைச் சொன்னாள். நீங்கள் அசோசியேஷன் செக்ரட்டரியாக இருந்தபோது, படுக்கையில் கிடந்த அவள் மாமியாருக்காக இதே மாதிரி ஒரு துளை கேட்டு எழுதிக் கொடுத்தார்களாம். தளத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, ரூல் எல்லாருக்கும் ஒன்று என்று திருப்பி அனுப்பினீர்களாம். "அதெல்லாம் நாங்க எப்பவோ மறந்தாச்சுக்கா," என்றாள்.

நீங்கள் மறக்கவில்லை. அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கம். அதை என்னிடம் சொன்னால் குறைந்தா போயிருப்பீர்கள்? நான் போய்க் கேட்டிருப்பேனே. கீழே எங்கேயோ நின்றுவிட்டு வந்து, அவள் சொல்லாத வார்த்தையை அவள் வாயில் வைத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஊருக்கெல்லாம் ரூல் பேசியவருக்குப் பொய் எவ்வளவு சரளமாக வந்திருக்கிறது!

மறுநாள் நானே இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் முட்டி போய்விட்டதால் ஷவருக்கும் கேட்டேன். அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டே, "போட்டுக்கோங்கக்கா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றாள். புது செக்ரட்டரி ஒரு கையெழுத்துப் போட்டார். இவ்வளவுதான் விஷயம். இதற்குத் துணியாமல் இடுப்பை உடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள்.

இன்று காலை படிக்கட்டில் ஸ்டெல்லா என்னை நிறுத்தினாள். "பாத்ரூம்ல யார்கிட்டக்கா பேசறீங்க? பைப் வழியா எங்களுக்குக் கேக்குது."

"உங்க அண்ணன்கிட்டதான்," என்றேன். "இன்னும் திட்டி முடியல."