பயந்துகொண்டே போட்ட ஊசி

என் தோழிக்கு,

இன்று காலை ராபர்ட்சன்பேட்டை கிளினிக்கில் நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தபோது, அந்த வாடையோடு நீ வந்துவிட்டாய். சிகிச்சை முடிந்து ரயிலில் என் தோளில் சாய்ந்து வருவாயே, உன் புடவையெல்லாம் இந்த வாடைதான் அடிக்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று பெங்களூரில் சொன்ன அன்று நீ அழவில்லை. இந்த நோய் பெரும்பாலும் வராமல் தடுக்கச் சின்ன வயதுப் பெண்களுக்கு ஓர் ஊசி இருக்கிறது, கட்டாயமில்லை, விரும்பினால் போடலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் அழுதாய். "ஜெசிக்குப் போட்டுடணும்டீ" என்றாய்.

உன் மகள் ஜெசி அப்போது பேத்தமங்கலம் பக்கத்துக் கிராமத்தில், உன் கணவரின் அக்கா ஸ்டெல்லாவிடம் இருந்தாள். நீ ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலமெல்லாம் அவளுக்குத் தலை பின்னி, சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். உன் கணவரோ, "அக்கா சரின்னா எனக்கும் சரி" என்று ஒதுங்கிக்கொண்டார். நாம் இருவரும் போய்க் கேட்டோம்.

"கட்டாயமில்லாத ஊசி இன்னாத்துக்கு? நாளைக்குக் கொழந்த பொறக்காதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் நீ என் கையை அழுத்தினாய். "ஊரு கெடக்கட்டும். உங்களுக்கு இன்னா பயம் அண்ணி?" என்று அவரிடம் கேட்டாய்.

"என் புள்ளையா இருந்தா போட்டுடுவேன். இது உன் புள்ள. ஏதாவது ஆச்சுன்னா, அப்ப நீ..." அக்கா மேலே சொல்ல முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீ இருக்க மாட்டாய் என்பது அந்த வீட்டில் முதன்முதலாகப் பேச்சில் வந்தது அப்போதுதான்.

நீ நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். "ஊசி போட்டு ஏதாவது ஆனா, உங்கம்மா சொல்லித்தான் போட்டேன்னு ஜெசிகிட்ட சொல்லுங்க. போடாம விட்டு, எனக்கு வந்தது அவளுக்கும் வந்தா இன்னா சொல்லுவீங்க? டாக்டரை நீங்களே வந்து கேளுங்க. மனசு ஒப்பலன்னா வேணாம்."

ஜெசியையும் அழைத்துக்கொண்டு வந்தார். குழந்தை பிறக்குமா, காய்ச்சல் வருமா, எல்லாம் கேட்டார். கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரலாம், குழந்தைப்பேற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அன்றே முதல் ஊசி போட்டார்கள். இரண்டாவதற்குச் சில மாதங்கள் போக வேண்டும் என்றார்கள். அதற்குள் நீ போய்விட்டாய்.

துக்கத்தில் அது மறந்தே போயிருக்கும் என்று நினைத்தேன். நேற்று ஸ்டெல்லா அக்காவே போன் செய்தார். "நாளைக்கு ஜெசிக்கு ரெண்டாவது ஊசி. கூட வர்றியா?"

போட்டு முடிந்ததும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா ஜெசியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயம் போயிடுச்சாக்கா?" என்றேன்.

"எங்க போச்சு? பயந்துகினேதான் இட்டுகினு வந்தேன்."

என் மகளுக்கும் போட வேண்டும். என் மாமியார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரோடு சண்டைக்கு நிற்க மாட்டேன். பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.